நட்சத்திரம் எதை அளக்கிறது? தங்கும் விடுதிகளின் தரக்குறியீடு பற்றி ஓர் ஆய்வு

1. கேள்வி

தங்கும் விடுதியில் அறை எடுப்பவர் தாம் பார்க்காத பொருளுக்குப் பணம் கொடுக்கிறார். படுக்கை விரிப்பு துவைத்ததா, குழாயில் வெந்நீர் வருமா, கீழ்த்தளத்து மண்டபத்தில் நள்ளிரவு வரை பாட்டுச் சத்தம் கேட்குமா என்பதெல்லாம் சாவி கைக்கு வந்த பிறகே தெரியும். விடுதிக்காரருக்கு இவை அனைத்தும் முன்பே தெரியும். இப்படி ஒரு பக்கம் மட்டுமே விவரம் தெரிந்த சந்தையைப் பொருளியலில் தெளிவாக விளக்கியவர் ஜார்ஜ் அகெர்லோஃப். பழைய கார் சந்தையை முன்வைத்து அவர் 1970இல் எழுதிய கட்டுரை, வாங்குபவரால் தரம் பிரித்தறிய முடியாத இடத்தில் நல்ல சரக்குக்கு உரிய விலை கிடைக்காது, நாளடைவில் மட்டமான சரக்கே மிஞ்சும் என்று காட்டியது. உத்தரவாதம், வணிகப் பெயர், உரிமம் முதலியவை இந்தக் குறையை ஈடுகட்டத் தோன்றியவை என்றும் அது சொல்கிறது. விடுதியின் நட்சத்திரத்தையும் அந்த வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும்.

நாம் நட்சத்திரத்தைப் படிக்கும் முறை மிக எளிது. மூன்றைவிட நான்கு மேல். நான்கைவிட ஐந்து மேல். ஆனால் எதில் மேல்? அளந்தவர் யார்? அளந்தது எப்போது? அறை தேடும் குடும்பத்துக்கு அந்த அளவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? இக்கேள்விகளை இந்திய அரசின் வகைப்பாட்டு முறையை மையமாகக் கொண்டும், பிற நாட்டு முறைகளையும் இணைய மதிப்பீடுகளையும் ஒப்பிட்டும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு கட்டடத்தில் என்னென்ன ஏற்பாடுகள் உள்ளன என்பதற்கு நட்சத்திரம் பயனுள்ள சான்று. அங்கே தங்குபவரின் இரவு எப்படிக் கழியும் என்பதற்கு அது சான்றாகாது. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் நேர்கின்றன என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. குறியீடு வந்த வழி

பயணிக்கு வழிகாட்ட நட்சத்திரம் போடும் வழக்கம் பயண நூல்களில் தொடங்கியது. ஜெர்மானியப் பதிப்பாளர் கார்ல் பெடெக்கர் 1840களில் தம் வழிகாட்டி நூல்களில், தவறாமல் பார்க்க வேண்டியவற்றுக்கு நட்சத்திரக் குறி இட்டார். விடுதிகளுக்கு நட்சத்திரம் வழங்கும் முறையை நிலைப்படுத்தியது பிரிட்டனின் மோட்டார் வாகனச் சங்கமான ஏஏ. 1905இல் தொடங்கிய இச்சங்கம் 1912இல் விடுதிகளுக்குத் தரவரிசை வழங்கத் தொடங்கியது. பிராந்திப் புட்டிகளில் தரத்தைக் குறித்த நட்சத்திரங்களைப் பார்த்தே அதன் செயலாளர் ஸ்டென்சன் குக் இந்த யோசனைக்கு வந்தார் என்பர்.

இத்தோற்றத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலில் நட்சத்திரம் வழங்கியவர்கள் பயணியின் தரப்பில் நின்றவர்கள். கார் ஓட்டிச் செல்லும் தம் உறுப்பினர் வழியில் நல்ல இடத்தில் தங்க வேண்டும் என்பதே ஏஏயின் அக்கறை. பின்னர் சுற்றுலா ஒரு தொழில்துறையாக வளர்ந்தபோது, அரசுகளும் விடுதி உரிமையாளர் சங்கங்களும் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டன. அளப்பவர் மாறியபோது அளவையின் நோக்கமும் மாறியது. பயணிக்குச் சொல்லும் பரிந்துரையாக இருந்தது, தொழிலை ஒழுங்குபடுத்தும் சான்றிதழாயிற்று.

இன்று உலகம் முழுவதற்குமான ஒரே முறை கிடையாது. பிரான்சில் நடுவண் அரசின் சுற்றுலா முகமை வகைப்படுத்துகிறது. அங்கே 2009 வரை ஐந்தாவது நட்சத்திரம் என்ற வகையே இல்லை; அடுத்த ஆண்டு அதற்கும் மேலே ‘பாலஸ்’ என்ற சிறப்பு நிலை உருவாக்கப்பட்டது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, சுவீடன் உள்ளிட்ட நாடுகளின் விடுதிச் சங்கங்கள் 2009இல் ‘ஹோட்டல்ஸ்டார்ஸ் யூனியன்’ என்ற கூட்டமைப்பை உருவாக்கி, பொதுவான புள்ளிமுறைக்கு வந்தன. அமெரிக்காவில் அரசு நட்சத்திரமே கிடையாது. 1958இல் மொபில் வழிகாட்டியாகத் தொடங்கி இன்று ஃபோர்ப்ஸ் பெயரில் இயங்கும் தனியார் வழிகாட்டி அங்கே நட்சத்திரம் தருகிறது. மோட்டார் சங்கமான ஏஏஏ வைரக் குறி தருகிறது. சிங்கப்பூரிலும் அரசு தரும் நட்சத்திரம் இல்லை. அங்குள்ள ஒரு விடுதிக்கு இணையதளம் ‘நான்கு நட்சத்திரம்’ என்று போட்டால், அந்த நான்கை எண்ணியவர் யார் என்பதே முதல் கேள்வி.

துபாயில் 1999இல் திறக்கப்பட்ட புர்ஜ் அல் அரப் விடுதியை ‘ஏழு நட்சத்திர விடுதி’ என்று பத்திரிகைகள் எழுதின. அப்படி ஒரு வகையை வழங்கும் அதிகாரபூர்வ அமைப்பு எதுவும் இல்லை. வியப்பிலிருந்து பிறந்த ஒரு பட்டம் உலகெங்கும் உண்மைத் தகவல்போல உலவியது, இக்குறியீட்டை நாம் எவ்வளவு எளிதில் நம்பிவிடுகிறோம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

3. இந்திய முறை: விதிகள் என்ன சொல்கின்றன?

இந்தியாவில் இப்பணியைச் செய்வது ஒன்றிய அரசின் சுற்றுலா அமைச்சகம். ‘விடுதி, உணவக அங்கீகார வகைப்பாட்டுக் குழு’ என்பது அமைச்சகம் அமைத்துள்ள குழுவின் பெயர். தொழில் வட்டாரத்தில் எச்.ஆர்.ஏ.சி.சி. என்பார்கள். அரசு அதிகாரிகளோடு விடுதிச் சங்கங்கள், பயண முகவர் சங்கங்கள், விருந்தோம்பல் கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றின் பிரதிநிதிகளும் ஆய்வுக்கு வருகிறார்கள். ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரையிலும், அதற்கு மேல் ஐந்து நட்சத்திர டீலக்ஸ் என்றும் வகைகள் உள்ளன. 1950க்கு முன் கட்டப்பட்ட அரண்மனை, கோட்டை, மாளிகை போன்றவற்றில் நடக்கும் விடுதிகளுக்குப் பாரம்பரிய விடுதி என்ற தனிப்பிரிவு உண்டு. வீட்டின் சில அறைகளை விருந்தினருக்கு விடும் குடும்பங்களுக்கு வெள்ளி, தங்கம் என இரு வகைகள் உள்ளன.

இம்முறையில் இரண்டு செய்திகள் அடிப்படையானவை. முதலாவது, வகைப்பாடு கட்டாயமில்லை. விடுதி தானாக விண்ணப்பித்தால்தான் குழு வரும். ஆகவே நட்சத்திரம் இல்லாத விடுதி மட்டமானது என்று பொருளாகாது. அது விண்ணப்பிக்காமலே இருந்திருக்கலாம். பத்து அறைகூட இல்லாத விடுதி வழக்கமான நட்சத்திர வகைக்குள் வரவே முடியாது. இரண்டாவது, சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் மேலாளர் மாறலாம், உரிமை கைமாறலாம், மெத்தை நைந்துபோகலாம். வாசலில் உள்ள நட்சத்திரம் அப்படியே இருக்கும்.

ஆய்வுக் குழு எதைப் பார்க்கிறது என்பதை அறிய அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகளில் உள்ள சரிபார்ப்புப் பட்டியலையே அருகில் வைத்துப் படிக்க வேண்டும். குளியலறை நீங்கலாக அறையின் குறைந்தபட்சப் பரப்பு, ஒன்று, இரண்டு நட்சத்திரங்களுக்கு 120 சதுர அடி, மூன்றுக்கு 130, நான்குக்கு 140, ஐந்துக்கும் டீலக்ஸுக்கும் 200. குளியலறை கீழ்நிலையில் 30 அல்லது 36 சதுர அடி, ஐந்து நட்சத்திரத்தில் 45 சதுர அடி. குளிரூட்டும் வசதி மூன்று நட்சத்திரத்தில் பாதி அறைகளுக்கு இருந்தால் போதும். நான்கிலிருந்து எல்லா அறைகளுக்கும் வேண்டும். ஒன்று, இரண்டு நட்சத்திர விடுதிகளில் கால்வாசிக் குளியலறைகளில் மட்டும் மேற்கத்தியக் கழிப்பறை இருந்தால் போதும் என்று அந்நெறிகள் வகுத்திருந்தன.

இந்த எண்களைச் சற்று நிறுத்திப் பார்ப்போம். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே அறையின் குறைந்தபட்ச அளவில் உள்ள வேறுபாடு 10 சதுர அடிதான். ஒரு சிறிய அலமாரி வைக்கும் இடம். நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலோ அது 60 சதுர அடி. நட்சத்திரங்களுக்கு இடையிலான தொலைவு சமமானதில்லை என்பது இதிலேயே தெரிகிறது. மூன்றிலிருந்து நான்குக்குப் போகிறவர் கூடுதல் வாடகையில் பெரிய அறையை எதிர்பார்த்தால் ஏமாறக்கூடும். அவருக்கு உறுதியாகக் கிடைப்பது எல்லா அறைகளிலும் குளிரூட்டல், கூடுதல் உணவு வசதி, கூடுதல் பணியாளர் சேவை போன்றவை. மேலும் இவை குறைந்தபட்ச அளவுகள். நல்ல மூன்று நட்சத்திர விடுதி ஒன்று 200 சதுர அடி அறை தரலாம். நீச்சல் குளம் போன்ற ஒன்று இல்லாததால் மேலே போகாமல் நின்றிருக்கலாம்.

பட்டியலின் வலிமையும் இங்கேதான் இருக்கிறது. கட்டட நிறைவுச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம் போன்ற ஆவணங்கள் இல்லாமல் விண்ணப்பம் நகராது. மாற்றுத் திறனாளிகளுக்கான அறையும் அணுகுவசதியும் கேட்கப்படுகின்றன. விருந்தினரால் தாமே சரிபார்க்க முடியாத விஷயங்கள் இவை. அவசர வழிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று எந்த விருந்தினரும் அறை எடுக்கும்போது பார்ப்பதில்லை. அதை ஒருவராவது அதிகாரபூர்வமாகப் பார்த்திருக்கிறார் என்பது சிறிய செய்தி அன்று.

4. மூன்று விளக்கங்கள்

நட்சத்திர முறை யாருக்காக இருக்கிறது என்பது குறித்து மூன்று விதமான விளக்கங்கள் உள்ளன.

முதல் விளக்கம் நுகர்வோர் பாதுகாப்பு. அகெர்லோஃப் சொன்ன இடைவெளியை நிரப்ப நடுநிலையான ஒருவர் வந்து பார்த்துச் சான்று தருகிறார் என்பது இதன் சாரம். ஆவணங்கள், தீப்பாதுகாப்பு, அறை அளவு ஆகியவற்றைப் பொறுத்தவரை இது நியாயமான விளக்கமே. ஆனால் முன்கூட்டியே நாள் குறித்து வரும் குழு, அன்றைக்கென்று தயார்செய்யப்பட்ட விடுதியைத்தான் பார்க்கிறது. பிரிட்டனில் ஏஏயின் ஆய்வாளர்கள் தம்மை அறிவிக்காமல் விருந்தினராகத் தங்கி மதிப்பிடுகிறார்கள். தூய்மை, உபசரிப்பு, உணவின் தரம் ஆகியவற்றுக்குத் தனி மதிப்பெண் உண்டு. ஃபோர்ப்ஸ் வழிகாட்டியும் அடையாளம் காட்டாத ஆய்வாளரையே அனுப்புகிறது. வசதிகளைவிடச் சேவைக்கு அதிக எடை தருகிறது. இருப்பதைச் சரிபார்ப்பதும் நடப்பதை அனுபவித்துப் பார்ப்பதும் வெவ்வேறு ஆய்வு முறைகள். இந்திய முறை பெருமளவு முதல் வகையைச் சேர்ந்தது.

இரண்டாம் விளக்கம், நட்சத்திரத்தை ஒழுங்குமுறைக் கருவியாகக் காண்கிறது. கேரளம் இதற்குத் தெளிவான சான்று. 2014இல் அம்மாநில அரசு தரக்குறைவைக் காரணம் காட்டி 418 மதுக்கூடங்களின் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. அடுத்த சில மாதங்களில், ஐந்து நட்சத்திர விடுதிகளில் மட்டுமே மதுக்கூடம் என்ற கொள்கையை அறிவித்தது. விடுதி உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 2015 டிசம்பரில் நீதிமன்றம் அரசின் கொள்கையை உறுதிசெய்தது. ஆட்சி மாறிய பின், 2017இல் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள விடுதிகளுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. அறையின் அளவையும் குளியலறையின் பரப்பையும் அளக்க வந்த குறியீடு, மது உரிமம் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் கோடாக மாறியது. இப்படி ஒரு பயன் பின்னால் இருக்கும்போது, விடுதி நட்சத்திரம் கேட்பது விருந்தினரை எண்ணித்தான் என்று கொள்ள முடியாது. தங்க வருபவர் இதை மனத்தில் வைக்க வேண்டும்: சில ஊர்களில் ஒரு விடுதியின் மூன்று நட்சத்திரங்களுக்கான முதற்காரணம் அதன் தரைத்தளத்து மதுக்கூடமாக இருக்கலாம்.

வரித்துறையின் நடைமுறை இதற்கு மாறானது. சரக்கு சேவை வரி அறை வாடகையைப் பார்க்கிறது, நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் வரி. அரசின் ஒரு துறை தரும் நட்சத்திரத்தை மற்றொரு துறை வரிக்கான அளவுகோலாகக் கொள்ளவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

மூன்றாம் விளக்கம், நட்சத்திர முறையின் காலம் முடிந்துவிட்டது என்கிறது. ஆயிரம் விருந்தினர்கள் எழுதும் கருத்துகள் கையில் இருக்கும்போது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் குழு எதற்கு என்பது அதன் வாதம். இவ்வாதத்தின் கவர்ச்சி பெரிது. அதனால் அதைத் தனியே ஆராய வேண்டியிருக்கிறது.

5. இணையத்தின் நட்சத்திரங்கள்

முன்பதிவுத் தளத்தில் ஒரு விடுதியின் பெயரருகே மூன்று வகையான தரக்குறிகள் வரக்கூடும். ஒன்று, விடுதி தானே தெரிவித்த அதிகாரபூர்வ வகை. இன்னொன்று, தளமே தன் கணக்கில் வழங்கும் வகை. மூன்றாவது, தங்கியவர்கள் தந்த மதிப்பெண். முதல் இரண்டும் வசதியைப் பற்றியவை. மூன்றாவது திருப்தியைப் பற்றியது. திருப்தி எதிர்பார்ப்பைப் பொறுத்தது. ஆயிரம் ரூபாய் லாட்ஜில் 5க்கு 4.5 கொடுத்தவர் தம் பணத்துக்கு மேலாகவே கிடைத்தது என்று சொல்கிறார். பத்தாயிரம் ரூபாய் அறைக்கு 4 கொடுத்தவர் காலை உணவில் குறை கண்டிருக்கலாம். முன்னது பின்னதைவிடச் சிறந்த விடுதி என்று இந்த எண்களிலிருந்து சொல்லிவிட முடியாது.

எண்ணின் உள்ளமைப்பும் கவனத்துக்குரியது. புக்கிங்.காம் தளத்தின் மதிப்பெண் 10க்குக் கணக்கிடப்படுகிறது. அடிமட்டம் பூச்சியம் அல்லது 1 என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அங்கே மிகக் குறைந்த மதிப்பெண்ணே 2.5ஆக இருந்தது என்று மெயினாஸ் முதலிய ஸ்பானிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார்கள். அப்படியானால் நடுப்புள்ளி 6.25. கேட்கப்பட்ட அம்சங்களில் பாதிக்கு மிகக் குறைந்த மதிப்பும் பாதிக்கு மிக உயர்ந்த மதிப்பும் கொடுத்த விருந்தினரின் மதிப்பெண் 6.25 என்று பதிவாகும். படிப்பவருக்கு அது ‘தேவலாம்’ என்று தோன்றும். அத்தளம் 2019இல் முறையை மாற்றியது. எந்த எண்ணையும் அதன் இரு எல்லைகளை அறியாமல் படிக்கக் கூடாது என்ற பாடம் மட்டும் மாறவில்லை.

மதிப்பெண்கள் மேல்நோக்கி வீங்குவது இன்னொரு சிக்கல். ஸெர்வாஸ், ப்ரோசெர்ப்பியோ, பையர்ஸ் ஆகியோர் 2015இல் ஏர்பிஎன்பி தளத்தை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 95 சதவீத இடங்களின் சராசரி 4.5 அல்லது 5 நட்சத்திரமாக இருந்தது. எல்லோரும் முதல் வகுப்பில் தேறினால் தேர்வின் பயன் என்ன? வீட்டுக்காரரை நேரில் சந்தித்துப் பழகியவர்கள் குறை எழுதத் தயங்குவது இதற்கு ஒரு காரணமாகலாம்.

பொய்க் கருத்துகள் பற்றிய சான்றும் வலுவானது. மெய்ஸ்லின், டோவர், செவாலியே ஆகிய மூவர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு தளங்களை ஒப்பிட்டது. எக்ஸ்பீடியாவில் அறை பதிவு செய்து தங்கியவர் மட்டுமே எழுத முடியும். ட்ரிப்அட்வைசரில் யாரும் எழுதலாம். பெரிய குழுமங்களைச் சேராத தனி உரிமையாளர் விடுதிகளுக்கு, யாரும் எழுதக்கூடிய தளத்தில் ஐந்து நட்சத்திரக் கருத்துகளின் பங்கு கூடுதலாக இருந்தது. அத்தகைய விடுதிகளுக்குப் பக்கத்தில் உள்ள போட்டி விடுதிகளுக்கோ ஒன்று, இரண்டு நட்சத்திரக் கருத்துகள் கூடுதலாக விழுந்திருந்தன. தன்னைப் புகழ்வதும் பக்கத்து வீட்டைத் தூற்றுவதும் சேர்ந்தே நடந்ததைப் புள்ளிவிவரம் காட்டிக்கொடுத்தது.

தளம் விடுதிகளை வரிசைப்படுத்தும் முறையும் நடுநிலையானதென்று கொள்ள முடியாது. ட்ரிவாகோ நிறுவனம் மலிவான வாடகையைக் காட்டுவதாக விளம்பரம் செய்துவிட்டு, தனக்கு அதிகக் கட்டணம் தரும் விளம்பரதாரரை முன்னிறுத்தியது என்று ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது, 2022இல் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இந்தியாவிலும் சில முயற்சிகள் நடந்துள்ளன. இணைய நுகர்வோர் கருத்துகளைச் சேகரித்து வெளியிடும் முறைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள், ‘இன்னும் ஒரே அறைதான் மீதம்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதையும், கட்டணத்தைத் துண்டு துண்டாகக் கூட்டிக்கொண்டே போவதையும் முறைகேடுகளாகப் பட்டியலிட்டன. ஐஎஸ் 19000 தரநிலை கட்டாயமற்றது என்பதே அதன் பலவீனம்.

ஆகவே, விருந்தினர் கருத்து வந்ததால் நட்சத்திரம் தேவையற்றதாகிவிட்டது என்ற மூன்றாம் விளக்கத்தை ஏற்க முடியாது. தீப்பாதுகாப்புச் சான்றைக் கருத்து எழுதுபவர் பார்ப்பதில்லை. அதேபோல, சென்ற வாரம் மின்தூக்கி பழுதானதை வகைப்பாட்டுக் குழு அறிவதில்லை. இரண்டும் இரு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

6. மதுரை: ஓர் எடுத்துக்காட்டு

விடைகள் எவ்வளவு நம்பகமானவையாக இருந்தாலும், கேள்வி தங்குபவருடையதாக இருக்க வேண்டும். மதுரையை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து முதிய பெற்றோருடன் மீனாட்சியம்மன் கோயிலுக்குச் செல்லும் ஒரு குடும்பம், எழும்பூரில் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறது. விடிவதற்கு முன்பே மதுரைச் சந்திப்பில் இறங்கிவிடுகிறது. அப்போது அவர்களுக்கு வேண்டியது குளித்து உடை மாற்ற ஓர் அறை, வெந்நீர், பெரியவர்களுக்கு மேற்கத்தியக் கழிப்பறை, படி ஏறாமல் இருக்க மின்தூக்கி, நடக்கும் தொலைவில் கோயில்.

பெரிய நட்சத்திர விடுதிகளில் அறை கிடைப்பது பொதுவாக நண்பகலுக்கோ பிற்பகலுக்கோதான். அதிகாலை ஐந்தரைக்கு வருபவர் வரவேற்பறையில் காத்திருக்க வேண்டும். அல்லது முந்தைய நாளுக்கும் சேர்த்து வாடகை கட்ட வேண்டும். ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் இடையே டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் உள்ள லாட்ஜ்கள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. எந்த நேரத்தில் அறை எடுத்தாலும் மறுநாள் அதே நேரம் வரை ஒரு நாள் வாடகைதான். கோயில் நகரத்துப் பயணிகளின் வருகை நேரத்தை அறிந்து உள்ளூர்த் தொழில் உருவாக்கிய இந்த ஏற்பாட்டுக்கு, நட்சத்திரப் பட்டியலில் மதிப்பெண் கிடையாது.

இடமும் அப்படித்தான். விரிந்த வளாகம், வாகன நிறுத்தம், நீச்சல் குளம், விருந்து மண்டபம் ஆகியவை வேண்டுமானால் மாசி வீதிகளின் நெரிசலுக்குள் அமைக்க முடியாது. அதனால் மதுரையின் உயர்வகை விடுதிகளில் சில பசுமலை, கோச்சடை போன்ற வெளிப்பகுதிகளில் இருக்கின்றன. அமைதியும் மரநிழலும் தேடி வருபவருக்கு அவை மிகப் பொருத்தமானவை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கோயிலுக்குப் போக வேண்டிய முதியவருக்கு அதே விடுதி தினமும் இரண்டு சுற்றுக் கார் பயணத்தைக் கூட்டுகிறது. நட்சத்திரத்துக்குத் தேவைப்படும் வசதிகளே விடுதியை ஊரின் மையத்திலிருந்து தள்ளி வைக்கின்றன.

செட்டிநாட்டில் பிரச்சினை வேறு விதமாக வருகிறது. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய செட்டியார் வீடுகள் விடுதிகளாகியுள்ளன. ஆத்தங்குடித் தரை ஓடு, முற்றம், தேக்குத் தூண், வாழை இலைச் சாப்பாடு என்று அங்கே விருந்தினர் தேடிவருபவற்றில் எதையும் சதுர அடிக் கணக்கில் அடக்க முடியாது. பாரம்பரிய விடுதி என்ற தனி வகை இருப்பதன் நியாயம் இதுவே. நட்சத்திர ஏணி எல்லா விடுதிகளுக்கும் பொருந்தாது என்பதை அமைச்சகமே அந்த வகையின் மூலம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

7. தெரிவு செய்யும் முறை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு வரிசையை வகுக்கலாம்.

முதலில் தம் தேவையை எழுதிக்கொள்ள வேண்டும். வரும் நேரம், போகும் இடம், உடன் வருபவரின் வயது, உணவு, வாகனம் ஆகியவை முடிவானால் ஊரின் எந்தப் பகுதி, எந்த வகை என்பது பெரும்பாலும் முடிவாகிவிடும்.

அடுத்து, நட்சத்திரத்தை வடிகட்டியாக மட்டும் பயன்படுத்த வேண்டும். எல்லா அறையிலும் குளிரூட்டல், பெரிய அறை, நீச்சல் குளம் போன்றவை கட்டாயம் வேண்டுமானால் அது உதவும். அப்போது அந்த நட்சத்திரம் உண்மையானதா என்று பார்க்க வேண்டும். சுற்றுலா அமைச்சகத்தின் ‘நிதி’ எனப்படும் விருந்தோம்பல் தரவுத்தளத்தில் வகைப்படுத்தப்பட்ட விடுதிகளின் விவரம் கிடைக்கிறது. அங்கே இல்லாத விடுதி தன்னை ‘மூன்று நட்சத்திரம்’ என்று சொல்லிக்கொண்டால், அது விளம்பரம் என்றே கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, விருந்தினர் கருத்துகளில் சராசரி எண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் படிக்க வேண்டும். புதியவை முதலில் வரும்படி அடுக்கி, மிக உயர்ந்த மதிப்பெண்ணையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கி, நடுவில் உள்ளவற்றைப் பார்ப்பது நல்லது. நிறையும் குறையும் சேர்த்து எழுதுபவர் பெரும்பாலும் உண்மையாகத் தங்கியவர். ஒரே குறை பலராலும் வெவ்வேறு சொற்களில் சொல்லப்பட்டால் அதை நம்பலாம். ‘அருமை, அற்புதம்’ என்ற பாராட்டைவிட, ‘மூன்றாம் மாடியில் காலை எட்டு மணிக்கு மேல் வெந்நீர் வரவில்லை’ என்ற ஒற்றை வரி பயனுள்ளது.

கடைசியாக, விடுதிக்கே தொலைபேசியில் பேச வேண்டும். 24 மணி நேரக் கணக்கா, மின்தூக்கி இயங்குகிறதா, சொன்ன வாடகையில் வரி சேர்த்தியா, காலை உணவு உண்டா, மண்டபத்தில் அன்று திருமணம் இருக்கிறதா, ஓட்டுநர் தங்க இடம் உண்டா என்று கேட்கலாம். விடை வரும் தொனியிலேயே விடுதியின் உபசரிப்பு ஓரளவு தெரிந்துவிடும்.

8. முடிவு

நட்சத்திர முறையைக் கைவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து அன்று. அது சொல்வதை முழுமையாகச் சொல்ல வைக்க வேண்டும் என்பதே. எல்லா விடுதிகளையும் வகைப்பாட்டுக்குள் கட்டாயமாகக் கொண்டுவருவதும் சரியாகாது. அதற்கான செலவு, நேர்மையாக நடக்கும் சிறு லாட்ஜ்களையே முதலில் நசுக்கும். நட்சத்திரம் வேண்டாம் என்பவருக்கு அந்த உரிமை இருக்கட்டும். நட்சத்திரம் போட்டுக்கொள்பவர் உண்மையைப் போட வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. வழங்கப்படாத நட்சத்திரத்தை விளம்பரத்தில் காட்டுவது அந்த வரையறைக்குள் அடங்கும். சுற்றுலா அமைச்சகம் மூன்று செயல்களை உடனே செய்யலாம். முன்பதிவுத் தளங்களில் நட்சத்திரத்தின் அருகே வழங்கிய அமைப்பின் பெயரும் சான்று காலாவதியாகும் தேதியும் இருக்க வேண்டும் என்று ஆணையிடலாம். ஒவ்வொரு விடுதிக்கும் நிரப்பப்பட்ட சரிபார்ப்புப் பட்டியலைப் பொதுமக்கள் படிக்க வெளியிடலாம். ஐந்து ஆண்டு இடைவெளிக்குள் ஒருமுறையாவது, சொல்லாமல் வந்து தங்கிப் பார்க்கும் ஆய்வைச் சேர்க்கலாம்.

அதுவரை, நட்சத்திரத்தைக் கண்டதும் மூன்று கேள்விகளை வாசகர் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். யார் கொடுத்தது? எப்போது கொடுத்தது? எதற்குக் கொடுத்தது? மூன்றுக்கும் விடை கிடைக்கவில்லை என்றால், அந்த நட்சத்திரத்துக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.